க்ளோக் முனை தாண்டும் வரை

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடவுள் அரைகுறையாக விட்டுவிட்டார் என்பதும், மிச்ச வேலையை முடித்து வைக்கத்தான் கோவன் ஊரில் ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை தான் பிறக்க நேர்ந்தது என்பதும் நினியன் கால்டருக்குச் சிறிதும் ஐயமில்லாத உண்மைகள். இதை அவர் பீற்றிக்கொண்டதே இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வது போலத்தான் சொல்வார். கோவனில் மழை பெய்கிறது என்பதை யாரும் மறுப்பதில்லையாதலால் இதையும் யாரும் மறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

க்ளைட் ஆற்றங்கரையில் டன்ராஸ் கப்பல் கட்டும் துறைக்கு அவர் தலைமை வரைவாளர். கண்ணாடிக் கூரைக்குக் கீழே நாற்பத்தொரு பேர் அவருக்குக் கீழே குனிந்திருந்தார்கள். கிளாஸ்கோ முதலாளிகள் சிலர் கூடி, நியூயார்க்குக்கு ஆட்களை ஏற்றிப்போக ஒரு நீராவிக் கப்பல் வேண்டுமென்று 1873இல் கேட்டபோது, கால்டர் ஏழு நாள் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு தாளை விரித்தார். நானூற்றிருபது அடி நீளம், நாற்பத்திரண்டு அடி அகலம். ஒரு புகைபோக்கி, மூன்று பாய்மரம், தண்ணீரைத் தள்ளப் பின்னால் ஒற்றை விசிறி. கத்தியைப் படுக்க வைத்தது மாதிரி இருந்தது. இவ்வளவு ஒல்லியாக இருக்கிறதே, அலையில் புரளாதா என்று ஒரு முதலாளி கேட்டார். "அலை விலகிக்கும் சார்" என்றார் கால்டர். ஏற்பாடு செய்தாகிவிட்டது என்கிற தோரணையில் சொன்னதால் முதலாளி மேற்கொண்டு கேட்கவில்லை.

கப்பலுக்கு ஆர்டலீன் என்று பெயர் வைத்தார்கள். அதன் வயிற்றுக்குள் குறுக்கே ஆறு இரும்புத் தடுப்புச் சுவர்கள். எங்கே ஓட்டை விழுந்தாலும் அந்தச் சுவரின் கதவைச் சாத்திவிட்டால் தண்ணீர் அந்த அறையோடு நின்றுவிடும். மீதிக் கப்பல் மிதக்கும். ஆர்டலீன் தண்ணீரில் இறங்கிய நாள் விருந்தில், ஆட்டுக்கறிக்கும் இனிப்புக்கும் நடுவே எழுந்து நின்று, இந்தக் கப்பல் மூழ்க வேண்டுமென்றால் முதலில் தன்னிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்று கால்டர் அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கப்பலின் படங்களில் ஒரு ரகசியம் உண்டு. தாளில் பென்சிலால் வரைந்ததை மெழுகு பூசிய துணியில் மையால் படியெடுக்க வேண்டும். கட்டுகிறவர்கள் கைக்குப் போவது அந்தத் துணிதான். அந்நாளில் அலுவலகத்தில் பெண்கள் கிடையாது. ஆனால் நாற்பத்தொரு ஆண்களில் ஒருவருக்கும் கோடு சரியாக வரவில்லை என்பது கால்டரின் முடிவு. ஆகவே முக்கியமான படங்கள் சாயங்காலம் சுருட்டப்பட்டு, படகில் ஆற்றைக் கடந்து, அவர் வீட்டுச் சமையலறை மேசைக்கு வந்தன. கஞ்சிக் கிண்ணங்களை எடுத்து, மேசையைத் துடைத்து, அவர் மகள் இஷ்பெல் அவற்றைப் படியெடுத்தாள். தாய் காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஆறு வயது, இப்போது இருபத்திரண்டு. அவள் போட்ட கோடு மூச்சு விடாமல் போட்டது மாதிரி இருக்கும். படத்தின் மூலையில் படியெடுத்தவர் பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கும்.

கப்பலின் பின்பகுதி, கீழ்த்தளம். அந்தப் படத்தை எடுத்த அன்று அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இங்க யாரு படுக்கப் போறா?"

"எழுதியிருக்கே. கல்யாணமாகாத பொண்ணுங்க."

"அதுக்கு நேர் கீழதான் விசிறித் தண்டு ஓடுது. நாளெல்லாம் கடகடன்னு இருக்கும்."

"ஒம்போது நாள். தாலாட்டுன்னு நெனச்சுக்கட்டும்."

"ஏணி தடுப்புச் சுவருக்கு அந்தாண்ட இருக்கு. கதவைச் சாத்திட்டா இவங்க எப்படி வெளிய வருவாங்க? பாய்த்துணியையும் கயித்தையும் இங்க போட்டுட்டு, பொண்ணுங்களை நடுவுல வெச்சா என்ன? கயிறுக்குத் தூக்கமும் வேணாம், ஏணியும் வேணாம்."

கால்டர் பொறுமையாக விளக்கினார். கல்யாணமாகாத ஆண்கள் கப்பலின் முன்கோடியில். குடும்பங்கள் நடுவில். கல்யாணமாகாத பெண்களை அந்த ஆண்களிடமிருந்து எவ்வளவு தூரம் வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் வைக்கச் சொல்லி முதலாளிகளின் உத்தரவு. கப்பல் நானூற்றிருபது அடியோடு முடிந்துவிட்டது; இல்லாவிட்டால் இன்னும் தள்ளியே வைத்திருப்பார்.

இஷ்பெல் பேனாவை எடுத்து 'தனிப் பெண்கள் – 48 படுக்கை' என்று அழகாக எழுதினாள். கதவுக்குப் பக்கத்தில், அவர் சொன்னபடியே, 'கசிவு கண்டதும் உடனே மூடவும்' என்று எழுதினாள். காலையில் சுருட்டும்போது கால்டர் பார்த்தார். 48க்குப் பக்கத்தில், எறும்பு உயரத்துக்கு ஒரு கேள்விக்குறி.

மையைக் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க முடியும். சுரண்டி எடுத்தார். சுரண்டிய இடத்தில் துணியின் மெழுகு போய்ச் சொரசொரப்பாகிவிட்டது. பார்த்தால் தெரியாது. கட்டைவிரலை வைத்தால் தெரியும்.

ஆர்டலீன் முதல் வருஷமே பேர் வாங்கியது. எட்டு நாள் ஒரு மணி நேரத்தில் நியூயார்க் போனது. கிளாஸ்கோ பத்திரிகைகள் கால்டரின் பெயரை இரண்டு முறை சரியாகவும் ஒரு முறை தப்பாகவும் அச்சிட்டன. மூன்றையும் சட்டம் போட்டு மாட்டினார். கப்பல் கொஞ்சம் உதறும் என்பது உண்மை. காலைக் காப்பிக்கு ஊற்றிய பாலில் வெண்ணெய் திரண்டதாக ஒரு பாதிரியார் எழுதியிருந்தார். அது வேகத்துக்குச் சாட்சி என்று கால்டர் அதையும் மாட்டினார்.

அதே படிக்கட்டில் எதிர்வீடு மிஸஸ் பீட்டனுடையது. ஸ்கை தீவுக்காரி. புருஷன் கப்பல்களில் கரி தள்ளுகிறவன். வருஷத்தில் முப்பது நாள் வீட்டில் இருப்பான், அதில் பத்து நாள் தூங்குவான். அவனை அனுப்பி வைக்க க்ரீனக் துறைக்குப் போகும் நாளெல்லாம் அவள் ஒரு காரியம் செய்வாள். அவள் மட்டுமல்ல, அங்கே நிற்கிற எல்லாப் பெண்களும் செய்வார்கள். கப்பல் கிளம்பும், கைக்குட்டைகள் ஆடும், கப்பல் க்ளோக் முனையிலுள்ள வெளிச்ச வீட்டை நெருங்கும். அதைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாது. தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், யாரோ உத்தரவு போட்டது மாதிரி, மொத்தப் பெண்களும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுவார்கள். ஒருத்தரை மறைகிற வரைக்கும் பார்த்தால் அதுவே கடைசிப் பார்வை ஆகிவிடும் என்பது கணக்கு.

கணக்கு என்ற சொல்லைத் தப்பான இடத்தில் கேட்டால் கால்டருக்குப் பொறுக்காது. மிஸஸ் பீட்டன் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே ஒரு கடித உறையின் பின்புறத்தில் போட்டுக் காட்டினார். மனுஷக் கண்ணின் எடை கால் அவுன்ஸ். இரண்டு கண், அரை அவுன்ஸ். துறையில் நிற்கிறவர்கள் முந்நூறு பேர் என்று வைத்தாலும் பத்து ராத்தலுக்குக் கீழே. ஆர்டலீன் நாலாயிரத்து இருநூறு டன். அந்தப் பத்து ராத்தலும் கரையிலேயே நின்றுவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மிஸஸ் பீட்டன் உறையை வாங்கி மரியாதையாகப் பார்த்தாள்.

"உங்க கப்பலு மூழ்காது மிஸ்டர் கால்டர். நான் கப்பலைச் சொல்லல. அதுல போறவங்களைச் சொல்றேன்."

அது தர்க்கமில்லை என்று கால்டர் தீர்ப்பளித்தார். அதன்பிறகு மாடிப்படியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம், அவள் கீழே இறங்கி முடிக்கும் முன்பே முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "போதுமா மிஸஸ் பீட்டன், பத்திரமாப் போவீங்களா?" என்பார். அவள், "நீங்க திரும்பினா ஆளே பாக்க நல்லா இருக்கீங்க" என்பாள்.

ஆர்டலீனின் பின்பகுதித் தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்த கோஷ்டியில் ஃபெலிம் பாயில் என்று ஒருவன் இருந்தான். அயர்லாந்துக்காரன், டோனிகால் பக்கம். இடதுகைக்காரன். ரிவெட் அடிப்பதற்கு எதிரெதிரே ஒரு வலதுகையும் ஒரு இடதுகையும் வேண்டும். ஆகவே நல்ல இடதுகைக்காரனுக்குத் துறையில் தனி மதிப்பு. இந்த மதிப்பு சமையலறை வரை வந்து சேர்ந்துவிட்டது என்று கால்டருக்குத் தெரிந்தபோது, இஷ்பெல் ஏற்கெனவே வார்த்தை கொடுத்திருந்தாள்.

கால்டர் மூன்று ஆட்சேபங்களை வரிசைப்படுத்தினார். அவன் அயர்லாந்துக்காரன். அவன் ரோமன் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறவன். அவன் இடதுகைக்காரன். முதல் இரண்டையும் கடவுள் மன்னித்தாலும் மன்னிக்கலாம். எழுதும்போதே தன் எழுத்தைத் தானே அழித்துக்கொண்டு போகிற ஒருவனை ஒரு வரைவாளர் மன்னிக்க முடியாது. ஃபெலிம் இதைக் கேள்விப்பட்டு, தனக்கு எழுதத் தெரியாதென்றும், அதனால் மூன்றாவது ஆட்சேபம் செல்லாதென்றும் சொல்லி அனுப்பினான். பிறகு எழுதக் கற்றுக்கொண்டான். பிறகு டெலவேர் ஆற்றங்கரையில் ஒரு கப்பல் துறையில் வேலை கிடைத்து அமெரிக்கா போனான். 1876 அக்டோபரில் இஷ்பெல்லுக்குக் கடிதம் வந்தது: வீடு பார்த்தாயிற்று, வா.

அன்று சாப்பாட்டு மேசையில் கால்டர் ஹெர்ரிங் மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் சம இடைவெளியில் வைத்தார். எல்லாம் வைத்த பிறகு பேசினார்.

"போறதா இருந்தா போ. என் பேரைச் சொல்லி மேல் வகுப்புல எடம் கேக்காதே."

"கேக்கல" என்றாள் இஷ்பெல். "பின்னாடி எடம் இருக்கே. நான்தானே வரைஞ்சேன்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும், நடுத்தளத்தில் ஜன்னலோடு ஒரு அறை கிடைக்கும். கால்டருக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கேட்பாள் என்று அவர் பத்து நாள் காத்திருந்தார். அவர் சொல்வார் என்று அவளும் பத்து நாள் காத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே குடும்பம்.

கிளம்பும் நாள் காலையில் அவருக்கு அலுவலகத்தில் முக்கியமான வேலை வந்துவிட்டது. அது என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. மிஸஸ் பீட்டன்தான் இஷ்பெல்லோடு க்ரீனக்குக்கு ரயிலில் போனாள். கால்டர் அடுத்த ரயிலில் போனார். துறைக்குப் போகாமல், ஒரு குதிரை வண்டி பிடித்து, கடலோரச் சாலையில் நேராக க்ளோக் முனைக்கு விடச் சொன்னார். வண்டிக்காரனிடம், தன் கப்பல் தண்ணீரில் சமமாக மிதக்கிறதா என்று பார்க்க வந்திருப்பதாக, அவன் கேட்காமலேயே விளக்கினார்.

ஆர்டலீன் வந்தது. வெளிச்ச வீட்டுக்கு நேரே, கூப்பிட்டால் கேட்காத ஆனால் தொப்பி தெரிகிற தூரத்தில் போனது. பின்தளத்தில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். கால்டர் கைக்கடக்கமான கடிகாரத்தை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீரை உதைப்பதை எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கொண்டிருக்கும் ஆள் கையசைக்க முடியாது என்பது நியாயம். துறையில் இந்நேரம் எல்லாரும் திரும்பியிருப்பார்கள். வண்டிக்காரனும் குதிரையின் கடிவாளத்தைச் சரி செய்கிற சாக்கில் திரும்பினான்.

"போதும் சார், திரும்புங்க."

"என் கண்ணு. என் கப்பலு" என்றார் கால்டர்.

கப்பல் சின்னதானது. கம்ப்ரே தீவுக்கும் ப்யூட் தீவுக்கும் நடுவே புகை மட்டும் தெரிந்தது. கரையோரக் கற்சுவர் மேல் ஏறி நின்று பார்த்தார். புகை எது, மேகம் எது என்று பிரிக்க முடியாதபோதும் இறங்கவில்லை. தான் ஒரு மூடநம்பிக்கையைச் சோதித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டார். சோதனைக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

சாயங்காலம் மிஸஸ் பீட்டன் கதவைத் தட்டி, அவள் கடைசிவரைக்கும் தேடினாள், நீங்கள் வரவில்லை என்றாள். வந்தேன், க்ளோக்கில் நின்றேன், மறைகிற வரைக்கும் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்றார் கால்டர். மிஸஸ் பீட்டன் கொண்டுவந்த சூப்பைக் கதவோரத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அயர்லாந்து ஆட்களை ஏற்ற மோவில் ஊரில் கப்பல் ஒதுங்கும்போது தபால் படகில் கொடுத்தது.

"அப்பா, படகு காத்துக்கிட்டிருக்கு, அவசரமா எழுதறேன். என் படுக்கை நாப்பத்தொண்ணு. கடகடன்னுதான் இருக்கு, நான் சொன்னேன்ல. பக்கத்துப் படுக்கைப் பொண்ணு பொய்ப்பல்லைக் கையில கட்டிக்கிட்டுத் தூங்கறா, இல்லாட்டி அது தானா நடந்து போயிடுமாம். துறையில உங்களைத் தேடினேன். பீட்டனம்மாவும் மத்தவங்களும் வழக்கம்போல முதுகைக் காட்டிட்டாங்க. க்ளோக்ல ஒருத்தர் நின்னாரு. வட்டத் தொப்பி. கையே ஆட்டல. கையை மூஞ்சிக்கிட்ட வெச்சுக்கிட்டே இருந்தாரு. கடிகாரமா? சுத்து எண்ணினீங்களா? நானும் எண்ணினேன். நிமிஷத்துக்கு அம்பத்தி நாலு. உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு? திரும்பாம நின்ன ஒரே ஆள் நீங்கதான். எனக்கு அது போதும்."

கால்டருக்கும் ஐம்பத்தி நாலுதான் வந்திருந்தது. உடனே உட்கார்ந்து, நியூயார்க்கில் அவள் இறங்கப்போகும் கப்பல் அலுவலக முகவரிக்கு எழுதினார்: "அம்பத்தி நாலு. சரியா இருக்கு." இன்னும் சில வரிகள் எழுதலாமா என்று பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். மை காய்ந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று உறையை ஒட்டினார்.

ஒன்பது நாளில் போய்ச் சேர வேண்டிய கப்பல் பன்னிரண்டாம் நாளும் போய்ச் சேரவில்லை. பதினைந்தாம் நாள் கப்பல் அலுவலக வாசலில் 'தாமதம்' என்று எழுதி ஒட்டினார்கள். பெண்கள் அங்கேயே நிற்க ஆரம்பித்தார்கள். கால்டர் அவர்களிடம் போய், தடுப்புச் சுவர் எப்படி வேலை செய்யும் என்பதைத் தன் தொப்பியையும் இரண்டு கைகளையும் வைத்துக் காட்டினார். கப்பல் மூழ்காது என்றார். யாரோ ஒருத்தி, தொப்பியை அப்படிப் பிடித்தால் மழைத் தண்ணீர் நிரம்புகிறது என்றாள்.

பத்தொன்பதாம் நாள் ஹாலிஃபாக்ஸிலிருந்து தந்தி. விசிறித் தண்டு நடுக்கடலில் முறிந்துவிட்டது. முறிந்த தண்டு உள்ளேயே சுழன்று பின்பகுதியைக் கிழித்துத் தண்ணீர் புகுந்தது. தடுப்புச் சுவரின் கதவைச் சாத்தினார்கள். கப்பல் மூழ்கவில்லை. இன்னொரு கப்பல் இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தது. கோவன் முழுக்கத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. நாற்பத்தொரு வரைவாளர்களும் அளவுகோலை மேசையில் தட்டினார்கள். கால்டர் எழுந்து தலை தாழ்த்தி ஏற்றுக்கொண்டார்.

ஆறு பெயர்களோடு இரண்டாம் தந்தி மத்தியானம் வந்தது.

விசாரணை கிளாஸ்கோவில் நடந்தது. தண்டு வார்ப்பில் உள்ளே ஒரு வெடிப்பு இருந்ததாகவும், அது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்க முடியாதென்றும் சொன்னார்கள். கதவைச் சாத்திய இரண்டாம் பொறியாளன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். கசிவு கண்டதும் உடனே மூடும்படி படத்திலேயே எழுதியிருந்தது என்று சாட்சி சொன்னான். படத்தை மேசையில் விரித்தார்கள். 'கசிவு கண்டதும் உடனே மூடவும்.' இவ்வளவு தெளிவான கையெழுத்தைத் தான் பார்த்ததில்லை என்று நீதிபதி பாராட்டினார். தலைமை வரைவாளரின் தொலைநோக்கால் அறுநூற்றெண்பது உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று தீர்ப்பில் எழுதினார்கள். கால்டர் அதைச் சட்டம் போடவில்லை. அவர் கட்டைவிரல் படத்தின் மேல் இருந்தது, 48க்குப் பக்கத்தில்.

நியூயார்க்குக்குப் போன கடிதம், பெற்றுக்கொள்ள ஆளில்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. ஃபெலிம் பாயிலிடமிருந்தும் ஒன்று வந்தது. புதிதாக எழுதக் கற்றவனின் பெரிய பெரிய எழுத்து. ஒவ்வொரு வரியிலும் இடதுகை இழுத்துக்கொண்டு போன மைக்கறை.

"ஐயா, ஹாலிஃபாக்ஸ் போனேன். அடக்கம் பண்ணியாச்சு. தப்பிச்சு வந்த பொண்ணுங்க சொன்னாங்க, வெளக்கு அணைஞ்சதும் யாருக்கும் வழி தெரியலையாம். இஷ்பெல் கதவுகிட்ட நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தர் தோளையும் புடிச்சு, ஏழு அடி, வலது பக்கம், ஏணின்னு சொல்லிச் சொல்லி அனுப்பினாளாம். நாப்பத்திரெண்டு பேரு. அவளுக்கு வழி தெரிஞ்சிருந்துச்சு. கதவு சாத்துவாங்கன்னும் தெரிஞ்சிருந்துச்சு. நான் உள்ள போய்ப் பாத்தேன். என் ரிவெட் ஒண்ணுகூட விடல. இதை உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல."

கால்டர் கறைகளைத் தாண்டித் தாண்டி அதைப் படித்து முடித்தார். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். மிஸஸ் பீட்டன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை.

"ஒரு மாசமா நீங்க ஒண்ணுமே சொல்லல. சொல்லுங்க. நான் பாத்ததாலதான்னு சொல்லுங்க."

மிஸஸ் பீட்டன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணு பாத்தா இரும்பு ஒடையுமா மிஸ்டர் கால்டர்? அரை அவுன்ஸ்தானே. நீங்கதானே கணக்குப் போட்டுக் காட்டினீங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் கால்டருக்குக் கடைசியாக மிச்சமிருந்த ஒரு கதவை அவள் அப்படிச் சாத்திவிட்டாள். கண் இல்லையென்றால், வரைந்து சுரண்டிய கைதான். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

அடுத்த வருஷம் ஆர்டலீன் பழுது பார்க்கக் கோவனுக்கே வந்தது. பின்பகுதி, கீழ்த்தளம் என்ற படத்தைக் கால்டர் புதிதாக வரைந்தார். பெண்கள் நடுவில், இரண்டு ஏணியோடு. பின்கோடியில் பாய்த்துணியும் கயிறும். முதலாளிகளின் உத்தரவு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சமையலறை மேசையில் தானே உட்கார்ந்து துணியில் படியெடுத்தார். கோடு நடுங்கியது, நாற்பத்தொரு பேரின் கோட்டைவிட மோசமாக இருந்தது. மூலையில், எப்போதும் காலியாக விடும் இடத்தில், 'படியெடுத்தவர்: இ. கால்டர்' என்று எழுதினார். அலுவலகத்தில் ஒருவன் அதைப் பார்த்து, முதலெழுத்து தப்பாக விழுந்திருக்கிறது, சுரண்டிவிடட்டுமா என்றான்.

"இனிமே எதையும் சுரண்டாதே" என்றார் கால்டர்.

அதற்குப் பிறகு ஆர்டலீனுக்கு இருபத்திரண்டு வருஷ வாழ்க்கை இருந்தது. வேகமான கப்பல்கள் வந்ததும் அதை யாரும் வேகமான கப்பல் என்று சொல்லவில்லை. பாய்மரங்களை வெட்டினார்கள். எந்திரத்தை மாற்றி இன்னொரு புகைபோக்கி வைத்தார்கள். மாண்ட்ரியலுக்கு ஏழைகளையும், திரும்பும்போது மாடுகளையும் ஏற்றியது. ஒரு நார்வேக்காரர் வாங்கி யாராலும் உச்சரிக்க முடியாத பெயர் வைத்தார். மாலுமிகள் ஆர்டலீன் என்றே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. கால்டர் இந்த எண்ணிக்கையை வைத்திருந்தார். எட்டு லட்சம் மைல், பூஜ்ஜியம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடவுள் விட்டுவைத்த மிச்ச வேலையைப் பற்றியும் இப்போதெல்லாம் பேசுவதில்லை.

க்ரீனக் பக்கம் அவர் போகவே இல்லை. 1899 ஏப்ரலில், ஆர்டலீனை உடைப்பதற்காக இத்தாலிக்கு இழுத்துப் போகிறார்கள் என்று பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், உரம் விளம்பரத்துக்குக் கீழே இரண்டு வரி வந்தது. கால்டரின் பெயரை இந்த முறை சரியாகப் போட்டிருந்தார்கள். கால்டருக்கு எழுபத்து நாலு வயது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, க்ளோக் வரைக்கும் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டார். மிஸஸ் பீட்டன் விதவையாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் கடலில் சாகவில்லை, மாடிப்படியில் வழுக்கிச் செத்தான். அவள் சால்வையை எடுத்துக்கொண்டாள்.

தூறல். இழுவைப் படகு முதலில் தெரிந்தது, பிறகு கயிறு, பிறகு கப்பல். உள்ளே ஒன்றும் இல்லாததால் தண்ணீருக்கு மேலே உயரமாக, வெட்கமில்லாமல் மிதந்தது. விசிறியைக் கழற்றிவிட்டார்கள், எண்ணுவதற்கு எதுவும் இல்லை. துருப்பிடித்த பின்பகுதியில் ரிவெட் வரிசைகள் மட்டும் பிசகாமல் இருந்தன.

"அவ ஒல்லியாத்தான் இருக்கா இன்னும்" என்றாள் மிஸஸ் பீட்டன்.

கால்டர் தலையசைத்தார்.

கப்பல் வெளிச்ச வீட்டைத் தாண்டித் தெற்கே இறங்கியது. தீவுகளுக்கு நடுவே சின்னதாகிக்கொண்டு போனது. போகிறது உடைகிற இடத்துக்கு; அதில் சுக்கான் பிடிக்கிற நாலு பேரைத் தவிர ஆளும் இல்லை. ஆனாலும் மிஸஸ் பீட்டனுக்கு ஐம்பது வருஷப் பழக்கம். மறைவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் கால் தானாகத் திரும்பியது. திரும்பிவிட்டு, பக்கத்திலிருந்து வரப்போகும் கேலிக்காக, பதிலையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கால்டர் அவளுக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. மழை தலையில் விழுந்தது. எதிரே மேட்டில் ஒரு செம்மறியாடு நனைந்தபடி புல் தின்றுகொண்டிருந்தது. அவர் அதை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வெகுதூரத்தில் இழுவைப் படகு ஒரு தரம் சங்கு ஊதியது. ஆடு நிமிர்ந்து பார்த்தது. அவர் திரும்பவில்லை.